உதிர்சருகின் கணக்கு: சென்னை மாகாண மரத்தோட்டங்களில் இலைச்சிதைவும் மண்வளமும் - ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மரத்தோட்டத்தில் உதிரும் சருகு மட்கி மண்ணுக்குச் சத்தைத் திருப்பித் தருகிறது என்பது இன்று பாடநூல் உண்மை. அவ்வுண்மை சென்னை மாகாணத்து மரத்தோட்டங்களில் எவ்வாறு உணரப்பட்டது, எங்கே உணரப்படாமல் போனது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் மண்வளம் குறையுமோ என்ற ஐயம் அறிவியல் விவாதமாக வளர்ந்தது. செங்கல்பட்டுப் பகுதியின் சவுக்குத் தோட்டங்களிலோ சருகு ஆண்டுதோறும் அடுப்புக்குச் சென்றது. அதைப் பற்றிய விவாதம் அந்த அளவுக்கு எழவில்லை. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களைத் திருமழிசையை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகர் நிலப்பகுதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உதிர்சருகு, சவுக்கு, தேக்கு, தழையுரம், சத்துச்சுழற்சி, செங்கல்பட்டு, திருமழிசை

முன்னுரை

பிரம்புத் தூற்றின் அடியில் கிடந்த குழந்தையைப் பிரம்பறுக்கச் சென்ற திருவாளன் கண்டெடுத்து வளர்த்தார் என்பது திருமழிசையாழ்வாரைப் பற்றிய குருபரம்பரைச் செய்தி. இதைத் தாவர வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், தூற்றுக்குள் சென்று அறுத்துக் கொணர்ந்து விற்றுப் பிழைப்பது இவ்வூரைப் பற்றிய கதையில் இயல்பான தொழிலாக இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது. பூவிருந்தவல்லிக்கு மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில் அமைந்த திருமழிசை, 1997இல் மாவட்டப் பிரிவினை நிகழும்வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஏரிப்பாசன நெல்வயலும் மேட்டுநிலத் தோப்பும் பெருநகரின் விறகுத் தேவையும் ஒன்றையொன்று தொட்டுநின்ற நிலப்பரப்பு அது. உதிர்ந்த இலை வயலுக்குரியதா, அடுப்புக்குரியதா, மரம் நின்ற மண்ணுக்கே உரியதா என்ற வினா இங்கு அன்றாடம் விடை காணப்பட்ட ஒன்று. எழுத்தில்தான் அரிதாகப் பதிவாயிற்று.

தழையும் சாம்பலும்

தமிழ் வேளாண் வழக்கில் நைட்ரசன் ‘தழைச்சத்து’ எனவும், பாஸ்பரஸ் ‘மணிச்சத்து’ எனவும், பொட்டாசியம் ‘சாம்பல்சத்து’ எனவும் வழங்கப்படுகின்றன. இவை நவீன வேதியியல் தமிழுக்கு வந்தபின் பெற்ற பெயர்கள். ஆயினும் பெயரிட்டோர் உழவரின் அனுபவத்திலிருந்தே சொல்லை எடுத்துள்ளனர். தழையைச் சேற்றில் மிதித்தால் பயிர் பசுமை கொள்ளும். அடுப்புச் சாம்பலை எருக்குழியில் கொட்டினால் அதுவும் உரமாகும். ஒரே சருகு மண்ணில் மட்கினால் இரண்டையும் தரும். அடுப்பில் எரிந்தால் தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு காற்றில் கலந்துவிடும். சாம்பல்சத்து மட்டும் எஞ்சும். அந்தச் சாம்பலும் சருகு உதிர்ந்த தோப்புக்குத் திரும்புவதில்லை. பாத்திரம் துலக்கவும் வீட்டுக் குப்பைக்குழிக்குமே சென்றது. எனவே சருகின் இடமாற்றம் என்பது சத்தின் இடமாற்றமும் ஆகும்.

நெல்வயலுக்கான தழையுரம் கொழுஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கன், வேம்பு, பூவரசு முதலியவற்றிலிருந்து பெறப்பட்டது. வரப்பு, வேலி, புறம்போக்கு, காடு ஆகிய அனைத்தும் வயலுக்குத் தழை வழங்கும் புறநிலங்களாக விளங்கின. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ஒதுக்குக்காடுகளை வரையறுத்தபோது இவ்வழக்கம் முதன்முறையாக அனுமதி, கட்டணம், குற்றம் என்னும் சொற்களுக்குள் வந்தது. பிற்பட்ட 1927ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் காட்டிலிருந்து கொணரப்படும் இலையையும் மேல்மண்ணையும்கூட வன விளைபொருளாக வரையறுக்கிறது. சென்னை மாகாணம் தன் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தையே தொடர்ந்து பின்பற்றியது எனினும், இலை அரசின் சொத்தாகலாம் என்ற கருத்து இரண்டிற்கும் பொதுவானதே.

இக்கருத்துக்கு ஐரோப்பிய முன்வரலாறு ஒன்று உண்டு. ஜெர்மானிய உழவர்கள் காட்டுச் சருகை வாரிச் சென்று மாட்டுத்தொழுவத்தில் பரப்பிப் பின் எருவாக்கினர். வனத்துறையினர் அதை எதிர்த்தனர். பவேரியாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஏபர்மயர் 1876இல் வெளியிட்ட காட்டுச்சருகு பற்றிய பெருநூல், வாரப்படும் சருகோடு எவ்வளவு கனிமச்சத்து காட்டை விட்டு வெளியேறுகிறது என்று கணக்கிட்டுக் காட்டியது. அதனையடுத்து டென்மார்க்கின் பீட்டர் முல்லர், மண்ணோடு கலந்து மட்கும் சருகையும் மேலே பாய்போல் படிந்து நிற்கும் சருகையும் ‘முல்’, ‘மோர்’ என இருவகையாகப் பிரித்தார் (தமிழின் மோருக்கும் இதற்கும் தொடர்பில்லை). இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராக 1864இல் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸும், அவரை அடுத்து வந்த ஷ்லிச், ரிப்பென்ட்ராப் ஆகியோரும் ஜெர்மானியரே. பிராண்டிஸ் சென்னை மாகாணக் காடுகளைப் பார்வையிட்டு 1883இல் அறிக்கை அளித்தார். சருகு வாருவோரை ஐயத்தோடு நோக்கும் மனப்பாங்கு இப்பயிற்சி மரபில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஜெர்மானிய உழவர் வாரிய சருகு இறுதியில் வயலுக்கு எருவாகச் சென்றது என்பதையும், செங்கல்பட்டில் அது எரிபொருளாயிற்று என்பதையும் பிரித்துணர்தல் வேண்டும். முன்னது இடமாற்றம், பின்னது தழைச்சத்தைப் பொறுத்தவரை இழப்பு.

நிலம்பூர்த் தேக்கும் ஒரு நெடிய ஐயமும்

மலபார் மாவட்டம் 1956வரை சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தமையால் நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களின் வரலாறு சென்னை வனவியலின் வரலாறும் ஆகும். மாவட்ட ஆட்சியர் ஹென்றி வாலன்டைன் கானலி 1840களில் தொடங்கிய இம்முயற்சியைக் களத்தில் நிறைவேற்றியவர் சாத்து மேனன். 1846ஆம் ஆண்டில் நடப்பட்ட தேக்குகளுள் சில ‘கானலி தோட்டம்’ என்ற பெயரில் இன்றும் நிற்கின்றன. தொடக்ககால நடவுக்குச் சாலியாற்றை ஒட்டிய வண்டல் நிலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தேக்கு செழித்தது. அந்தச் செழிப்பில் மரத்தின் பங்கு எவ்வளவு, ஆற்று வண்டலின் பங்கு எவ்வளவு என்ற வினா பின்னரே எழுந்தது.

தோட்டங்கள் வண்டலைவிட்டு மேட்டு நிலத்திற்கு ஏறியபோதும், வெட்டிய இடத்தில் மறுசுழற்சியாக மீண்டும் தேக்கே நடப்பட்டபோதும், தனித்தேக்கு மண்ணைக் கெடுக்குமோ என்ற ஐயம் வலுப்பெற்றது. எச். ஜி. சாம்பியன் 1932இல் தனித்தேக்குத் தோட்டத்தின் சிக்கல் என்ற பொருளிலேயே ஒரு வனச் செய்திமடலை எழுதினார். லாரியும் கிரிஃபித்தும் 1942இல் அதே சிக்கலை மீண்டும் எடுத்துக்கொண்டனர். கிரிஃபித்தும் குப்தாவும் 1948இல் தேக்கு மண்ணைச் செம்பாறையாக்கத்தோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தனர். பதினாறு ஆண்டுகளில் மூன்று வெளியீடுகள் ஒரே மரத்தின் அடிமண்ணைப் பற்றி அமைந்தன. தேக்கு அரசின் வருவாய் மரம் என்பதே இதற்கு முதற்காரணம் எனலாம்.

தேக்கின் சருகு தனித்தன்மை வாய்ந்தது. கோடையில் மரம் முற்றிலும் இலையுதிர்க்கும். அகன்ற இலைகள் தரையை மூடிக் கிடக்கும். தேக்கு சுண்ணாம்புச்சத்தை மிகுதியாக நாடும் மரம்; அதன் இலை வழியே அச்சத்தின் ஒரு பகுதி மேல்மண்ணுக்குத் திரும்புகிறது. ஆனால் காய்ந்து கிடக்கும் அச்சருகே கோடைத் தீக்கு இரையும் ஆகிறது. தீயில் தழைச்சத்து ஆவியாகும். எஞ்சிய சாம்பலைப் பருவமழையின் முதல் பெருமழை சரிவில் அடித்துச் செல்லும். மேலும், அகன்ற தேக்கிலையில் திரண்டு விழும் மழைத்துளி, மரமில்லாத வெளியில் விழும் துளியைவிடப் பெரியது. கீழே சருகும் இல்லை, புதரும் இல்லை எனில் அத்துளி மண்ணைச் சிதறடிக்கும். ஆகவே தேக்கு மண்ணைக் கெடுக்கிறது என்பதைவிட, சருகிழந்த தேக்குத் தரை தன் மேல்மண்ணை இழக்கிறது என்று கூறுவதே பொருத்தமாகும். குற்றம் மர இனத்தின் மேல் சுமத்தப்பட்டதால், தீயையும் சருகையும் மேலாண்மை செய்ய வேண்டிய பொறுப்பு நெடுங்காலம் இரண்டாமிடத்திற்குத் தள்ளப்பட்டது.

விறகுத் தோட்டங்கள்

சென்னையைச் சுற்றிய நிலத்தின் கதை வேறு. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை 1856இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அது இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியாக மேற்கே செல்கிறது. தொடக்ககால எந்திரங்கள் பெரிதும் விறகை எரித்தே இயங்கின. அதே ஆண்டு சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன், தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றி 1861இல் வெளியிட்ட நூலில் இருப்புப்பாதையின் மரத்தேவையையும் கருத்தில் கொண்டார். இருப்புப்பாதைக்கும் வளர்ந்துவரும் நகரின் அடுப்புகளுக்கும் விரைவாக வளரும் மரம் தேவைப்பட்டது. தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட சவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கடற்கரை மணலில் பரவியது. அரசு நட்டதைப் பார்த்து நிலவுடைமையாளரும் நட்டனர். சில ஆண்டுகளில் வெட்டிப் பணமாக்கக்கூடிய பயிராக அது உழவரின் கணக்கில் இடம்பெற்றது. தேக்கு அரசின் மரமாகவே இருக்க, சவுக்கு குடியானவரின் மரமாயிற்று. ஆய்வுக் கவனம் எங்கு சென்றது என்பதை இவ்வேறுபாடே பெருமளவு விளக்குகிறது.

விறகுத் தோட்டத்திற்கு வேளாண் நோக்கிலான நியாயம் ஒன்றும் முன்வைக்கப்பட்டது. இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியல் ஆலோசகர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889 இறுதியில் இந்தியா வந்து நாடெங்கும் பயணம் செய்து, 1893இல் தம் அறிக்கையை வெளியிட்டார். விறகு கிடைக்காமையாலேயே இந்திய உழவர் சாணத்தை வறட்டியாக்கி எரிக்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. விறகும் தீவனமும் தரும் காப்புநிலங்களை உருவாக்கினால் சாணம் வயலுக்குத் திரும்பும் என்று அவர் பரிந்துரைத்தார். உழவரின் அறியாமையே காரணம் என்று கூறிவந்த அலுவலர் வழக்கை மறுத்த அந்நூல் இன்றும் படிக்கத்தக்கது. 1894ஆம் ஆண்டின் வனக்கொள்கையிலும் அதன் தாக்கம் காணப்படுகிறது.

வோல்க்கரின் தருக்கம் வயலின் பக்கமிருந்து முழுமையானது. தோப்பின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு கண்ணி விடுபட்டுள்ளது. சாணத்தை அடுப்பிலிருந்து மீட்க நடப்பட்ட மரத்தின் சருகே அடுப்புக்குச் சென்றது. சவுக்குத் தோப்பில் உதிரும் மெல்லிய மிளாறு எளிதில் தீப்பற்றும். கூட்டி அள்ளுவதும் எளிது. கட்டையை வாங்க இயலாத குடும்பங்களுக்கு அது கூலியின்றிக் கிடைத்த எரிபொருள். அதைக் கூட்டி அள்ளியோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவரும். அவர்களது உழைப்பு எந்தத் தோட்டக் கணக்கேட்டிலும் வரவாகவோ செலவாகவோ பதியப்படும் இயல்புடையதன்று. மண்ணிலிருந்து சத்து வெளியேறிய வழியும் அதுவே. ஏழைக் குடும்பத்தின் உலை கொதித்த வழியும் அதுவே. இவ்விரண்டையும் ஒருசேர நோக்காமல் ‘சருகு வாருதல் தீங்கு’ என்று மட்டும் எழுதுவது ஏபர்மயர் காலத்து வனத்துறைப் பார்வையைத் திரும்பச் சொல்வதாகவே அமையும்.

சவுக்கின் ‘இலை’ எனப்படுவது உண்மையில் கணுக்கள் கொண்ட பசுங்கிளை. மெய்யான இலைகள் அக்கணுக்களைச் சுற்றிச் சிறு பற்கள்போல் ஒடுங்கியுள்ளன. உதிர்வது முழுக் கிளைத்துண்டு ஆகையால் அதில் லிக்னினும் டானினும் மிகுதி. மட்குவது மெதுவாகவே நிகழும். வேரிலோ வேறொரு வியப்பு உண்டு. சவுக்கின் வேர்முடிச்சுகளைப் பற்றி மைசூரைச் சேர்ந்த எம். ஜே. நரசிம்மன் 1918இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் முன்னோட்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார். 1933இல் மவ்ரி சவுக்கினத்தின் கூட்டுவாழ்வு நைட்ரசன் நிலைப்படுத்தலைப் பற்றி எழுதினார். இம்முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர், வளமற்ற மணலிலும் சவுக்குக்குத் தழைச்சத்தை வழங்குகிறது. சவுக்கு மண்ணை வளப்படுத்தும் என்ற பொதுக்கூற்று இதனால் வேரூன்றியது. அக்கூற்று பாதி உண்மையே. ஃபிராங்கியா காற்றிலிருந்து தருவது தழைச்சத்து மட்டும். மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து ஆகியவை அந்த மண்ணிலிருந்தே வரவேண்டும். சருகு போனால் அவையும் உடன் போகும். சவுக்கு வெட்டும்போது தூரையும் தோண்டி விற்பது தமிழ்நாட்டு வழக்கம் என்பதையும் சேர்த்து நோக்கினால், கட்டை, பட்டை, மிளாறு, தூர், சருகு என ஐந்து வழிகளில் சத்து நகரை நோக்கி வண்டியேறியது. திரும்பி வந்த வண்டியில் அதற்கு ஈடானது எதுவும் இல்லை. தேக்குக்கு எழுந்த ஐயம் சவுக்குக்கு அல்லவா முதலில் எழுந்திருக்க வேண்டும்?

வலைப்பையும் துடைப்பமும்

சருகு எவ்வளவு விரைவாக மட்குகிறது என்பதை எண்ணால் அளக்கும் முறைகள் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உருவாயின. ஹான்ஸ் ஜென்னியும் உடனாய்வாளரும் 1949இல் கொலம்பியா, கலிஃபோர்னியா காடுகளின் சிதைவு வீதங்களை ஒப்பிட்டனர். போகாக்கும் கில்பர்ட்டும் 1957இல் சருகை வலையிலிட்டுக் காட்டுத்தரையில் வைத்து எடைக்குறைவை அளந்தனர். ஓல்சன் 1963இல் சிதைவை ஓர் அடுக்குக்குறி வாய்பாட்டில் அமைத்தார். அதன்படி ஆண்டுச் சிதைவு மாறிலி 1 எனில் ஓராண்டில் சருகின் எடையில் ஏறத்தாழ 63 விழுக்காடு குறையும், 0.5 எனில் 39 விழுக்காடே குறையும். மாறிலி 0.5 ஆக உள்ள தோப்பில், யாரும் அள்ளாதிருந்தால், தரையில் தங்கும் சருகு இரண்டாண்டு உதிர்வுக்குச் சமமாக நிலைபெறும். மெதுவாக மட்கும் சருகு என்பது ஒரு வகையில் சேமிப்பும் ஆகும். அள்ளுவோருக்குக் கிடைக்கும் குவியலும் அதுவே.

எடைக்குறைவும் சத்து விடுவிப்பும் ஒன்றல்ல. நீரில் கரையும் சாம்பல்சத்து முதல் மழையிலேயே பெரும்பகுதி வெளியேறும். தழைச்சத்தை நுண்ணுயிர்கள் முதலில் தம் உடலுக்கென முடக்கி வைத்துக்கொண்டு பின்னரே விடுவிக்கும். சில வேளைகளில் தொடக்க மாதங்களில் சருகிலுள்ள தழைச்சத்தின் அளவு கூடவும் செய்யும். செல்சுவரோடு பிணைந்த சுண்ணாம்புச்சத்து சருகு சிதையும் வேகத்தை ஒட்டியே வெளிப்படும். வடகிழக்குப் பருவமழையே ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தரும் சென்னைப் பகுதியில் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது. கோடையில் உதிர்ந்தது மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். கறையான் மட்டுமே அதைத் தொடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சத்து ஒருசேர வெளிப்படும்போது அதை ஏற்க வேர் விழித்திருக்க வேண்டும். இல்லையேல் மணலின் வழியே கீழிறங்கிவிடும்.

இந்திய மரத்தோட்டங்களில் இம்முறை பரவலாகப் பின்பற்றப்பட்டது. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து சங்கரன் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஆல்பிசியா, தைலமரம், தேக்கு ஆகிய மூன்றின் சருகுச் சிதைவை ஒப்பிட்டது. சோழமண்டலக் கரையில், புதுச்சேரிப் பகுதியின் மூன்று மரத்தோட்டங்களையும் ஒரு நலிந்த இயற்கைக் காட்டையும் சுவர்ணலதாவும் விக்ரம் ரெட்டியும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டனர். தோட்டங்களைத் தமக்குள் மட்டும் ஒப்பிடாமல், காட்டோடும் நிறுத்திப் பார்த்தது அவ்வாய்வின் சிறப்பு.

ஆயினும் வரலாற்றாய்வாளர் கருதத்தக்க ஒரு வரம்பு இம்முறைக்கு உண்டு. வலையின் கண் சிறியதாயின் கறையான் நுழையாது, பெரியதாயின் நுழையும். துடைப்பம் மட்டும் எந்தக் கண்ணிலும் நுழையாது. வலைப்பை அளப்பது, யாரும் அள்ளாத தோப்பில் சருகுக்கு நேர்வதை. செங்கல்பட்டு மாவட்டத்துத் தோப்புகளில் ஒரு நூற்றாண்டுக் காலம் சருகைத் தரையிலிருந்து நீக்கியவற்றுள் முதன்மையானது பூஞ்சையுமன்று, கறையானுமன்று. ஆகவே இன்றைய சிதைவு மாறிலிகளைக் கொண்டு அன்றைய மண்ணின் சத்துவரவைப் பின்னோக்கிக் கணிப்பது பிழையான மிகைமதிப்பைத் தரும். விறகு விற்பனை, தோப்புக் குத்தகை, தூர் ஏலம் முதலியன பற்றிய ஆவணங்களே இங்கு ஆய்வகத் தரவுக்கு இணையான சான்றுகள்.

ஏரி வழியே திரும்பியது

வெளியேறிய சத்து முழுவதும் நகருக்குச் செல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மேட்டுநிலத்திலிருந்து மழைநீரோடு அடித்துவரப்பட்ட மட்கும் நுண்மண்ணும் ஏரியில் படிந்து வண்டலாயின. கோடையில் உழவர் அதை வெட்டி வயலில் பரப்பினர். செம்பரம்பாக்கம் போன்ற பேரேரிகளும் சிற்றூர்களின் சிறு ஏரிகளும் நீரைப்போலவே சத்தையும் தேக்கின. சுவீடன் நாட்டு உதவியுடன் 1981இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக்காடுத் திட்டம் ஏரியுட்பகுதிகளில் கருவேல மரங்களை நட்டது. அம்மரங்களின் சருகு நேரே வண்டலில் விழுந்தது. மரத்தின் அடிமண் வேறு, சத்துப் பெறும் வயல் வேறு என்ற பழைய பிரிவு அங்கு ஓரளவு மறைந்தது எனலாம். ஏரி வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துச்செல்ல 2017இல் அரசு வழிசெய்தது, இடையில் தடைப்பட்டிருந்த அப்பாதையைத் திறந்தது.

சவுக்கின் நிலையும் மாறியுள்ளது. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய உயர்விளைச்சல் வகைகளும் காகித ஆலைகளின் கொள்முதலும் அறுவடைக் காலத்தை மூன்று நான்கு ஆண்டுகளாகச் சுருக்கியுள்ளன. இளமரம் கட்டைக்கு நிகராகப் பட்டையும் மிளாறும் கொண்டது. எனவே குறுகிய சுழற்சியில் ஒவ்வொரு டன் மரத்தோடும் வெளியேறும் சத்து கூடுதலாகும். மறுபுறம், எரிவாயு உருளை பரவியபின் சருகை அடுப்புக்கெனக் கூட்டி அள்ளும் தேவை புறநகரில் அருகியது. தரையில் சருகு தங்கத் தொடங்கிய அதே தலைமுறையில், சருகு மட்குவதற்குரிய கால இடைவெளி சுருங்கிற்று.

திருமழிசையில் இம்மாற்றத்தை அளக்கும் வாய்ப்பும் குறைந்துவருகிறது. தொழிற்பேட்டை முன்னரே எழுந்தது. துணைநகரத் திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டது. 2020 மே மாதத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை இங்குத் தற்காலிகமாக இடம்பெயர்ந்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கும் கட்டடங்கள் எழும் இடங்களில் சாரத்திற்கும் முட்டுக்கும் இன்றும் சவுக்குக் கம்புகள் நிற்கின்றன. அவை வேறு மாவட்டத்துத் தோப்புகளிலிருந்தும் லாரியில் வருகின்றன. அவற்றின் சருகு அந்தந்த ஊர்த் தரையிலேயே விழுந்து கிடக்கிறது.